அராபி பாஷாவும் ஒரு பெண்ணின் கட்டுரையும்

மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து இலங்கை எந்தத் திசை என்று பிள்ளைகளிடம் கேட்பேன். அந்த இலங்கைக்கு 1883 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டு வந்தவர் எகிப்தின் அராபி பாஷா.

உழவர் வீட்டுப் பிள்ளை. ராணுவத்தில் கர்னல் ஆனவர். "எகிப்து எகிப்தியருக்கே" என்பது அவர் பக்கத்து முழக்கம். 1882 செப்டம்பரில் டெல் எல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றுச் சிறைப்பட்டார். தூக்குத்தான் என்றே பலரும் நினைத்தார்கள்.

அக்டோபரில் லண்டன் 'டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது: 'அராபியும் அவர் குடும்பமும்'. எழுதியவர் முப்பது வயது லேடி கிரகரி. கவிஞர் பைரனின் பேத்தி லேடி ஆன் பிளன்ட்டோடு கெய்ரோவில் அராபி வீட்டுப் பெண்களைப் போய்ப் பார்த்தவர். ஆண் நிருபர் எவரும் நுழைய முடியாத இடம் அல்லவா! எளிய வீடு, மனைவி, பிள்ளைகள், மகனை நினைத்துக் கலங்கும் கிராமத்துத் தாய். பார்த்ததை எழுதினார், அவ்வளவுதான். கலகக்காரன் என்று மட்டும் படித்திருந்தவர்களுக்கு ஒரு மனிதன் தெரிந்தான்.

வழக்கறிஞர் செலவுக்கு ஆனின் கணவர் வில்ஃப்ரிட் பிளன்ட் முன்நின்றார். டிசம்பரில் மரண தண்டனை நாடுகடத்தலாயிற்று. கட்டுரையால் மட்டுமே மாறியது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. லேடி கிரகரியின் கணவர் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர்! கொழும்பு அருங்காட்சியகம் அவர் காலத்தது.

கொழும்பில் 'முஸ்லிம் நேசன்' நடத்திய சித்திலெப்பை அராபிக்கு நெருக்கமானார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' நாவலை எழுதியவரும் அவரே. 1892இல் இருவர் ஊக்கத்தோடு எழுந்த பள்ளிதான் இன்றைய சாகிராக் கல்லூரி.

அராபி 1901இல் ஊர் திரும்பினார். லேடி கிரகரி 1904இல் டப்ளினில் அபே தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர்.