வாசம் தேடிய கொடி

கண் பார்வை மங்கிவரும் அம்மா, "யன்னலடியில வாசமான கொடி ஒன்று நடு" என்று கேட்டார். நான் கடையில் பெரிய ஊதாப் பூவைப் பார்த்து மயங்கி, 'ஜாக்மானி' கிளெமாட்டிஸை வாங்கி நட்டேன். அது நிறையப் பூத்தது. ஆனால் வாசமே இல்லை.

ஏன் என்று தேடியபோதுதான் அதன் வரலாறு தெரிந்தது. 1858இல் இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில், ஜாக்மன் நாற்றுப்பண்ணையில் உருவான கலப்பினம் அது. அதன் நிறமும் பருமனும் எல்லோரையும் கவர்ந்தன. அதன்பின் பெரிய பூக்களுக்கே மவுசு.

வாசமோ சின்னப் பூ இனங்களில்தான் அதிகம். அவற்றில் ஒன்று இமயமலைக் காட்டுக்கொடியான மொன்டானா. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் மனைவி சாரா, 1831இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். அந்த இனத்தில் வந்த 'எலிசபெத்' வகையின் இளஞ்சிவப்புப் பூவில் வனிலா மணம் இருக்கும்.

நீங்களும் நடுவதென்றால், பூத்திருக்கும்போதே முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வேருக்கு நிழலும் கொடிக்கு வெயிலும் வேண்டும். மொன்டானாவைப் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். குளிர்காலத்தில் வெட்டினால் அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் போய்விடும்.

இந்த மே மாதம் அம்மா யன்னலைத் திறந்தார். நான் சொல்லுமுன்பே, "பூத்திட்டுது, என்ன?" என்றார்.