ஹாங்காங் கோழிச் சந்தையின் ஓய்வு நாள்

கூட்டிலிருந்து உயிரோடு எடுத்து, கண்ணெதிரே அறுத்துத் தந்த கோழியே கோழி என்பது ஹாங்காங் ஜனங்களின் நெடுநாளைய கொள்கை. வருஷப் பிறப்பன்று முழுக் கோழியை மூதாதையருக்குப் படைக்கும் சம்பிரதாயம் உடையவர்கள், பனிக்கட்டியில் வைத்த மாமிசத்தை ருசியற்றதென்று ஒதுக்கியதில் வியப்பில்லை.

1997 மே மாதத்தில் அந்நகரில் மூன்று வயதுப் பாலகன் ஒருவன் காய்ச்சல் கண்டு மாண்டான். அவனைக் கொன்றது பறவைகளைப் பீடிக்கும் எச்5என்1 கிருமியே என்பது ஆகஸ்டில்தான் தெளிவாயிற்று. அவ்வருஷத்தில் 18 பேரைப் பற்றிய அந்நோய் அறுவரைப் பலி கொண்டது. தென் சீனத்திலிருந்து இத்தகைய காய்ச்சல் உலகெங்கும் புறப்படக்கூடும் என்று, ஹாங்காங் சர்வகலாசாலையின் கென்னடி ஷார்ட்ரிட்ஜ் பல வருஷங்களுக்கு முன்னரே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை இவ்வளவு கோரமாக மெய்ப்பட்டதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

டிசம்பர் 29-ஆம் தேதி தொடங்கிச் சில தினங்களுக்குள், பண்ணைகளிலும் கடைகளிலும் இருந்த 13 லட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைச் சர்க்கார் சிப்பந்திகள் கொன்று புதைத்தார்கள். அதன்பின் மனிதரிடையே புதிய நோயாளி எவரும் அப்போது தோன்றவில்லை.

ஆயினும் என் சிந்தையை அதிகம் கவர்வது அந்த சம்ஹாரமன்று. அதற்குப் பிந்திய பொறுமையான ஏற்பாடுகளே. தமக்கு நோய்க்குறி இல்லாமலே கிருமியைச் சுமக்க வல்ல வாத்துகளையும், அவற்றோடு பெருவாத்துகளையும் கோழிகளிடமிருந்து பிரித்து, தனி இடத்தில் அறுக்கச் செய்தார்கள். கழுவினாலும் அசுத்தம் நீங்காத மரக்கூடுகளுக்குப் பதிலாக பிளாஸ்டிக் கூடுகள் வந்தன. 2001-இல் மீண்டும் கிருமி தலைகாட்டவே, மாதம் ஒரு நாள் கோழிக்கடைகள் அனைத்தையும் ஒருங்கே காலி செய்து கழுவும் ‘ஓய்வு நாள்’ விதிக்கப்பட்டது. விற்காத பழைய கோழியிடமிருந்து புதிதாக வந்த கோழிக்குத் தாவித் தாவியே கிருமி சந்தையில் குடியிருக்கிறது. அந்தச் சங்கிலியை ஒரு நாளேனும் அறுப்பதே இதன் தத்துவம். பண்ணைகளிலோ, தடுப்பூசி பெற்ற கோழிகளின் நடுவே ஊசி போடாத சிலவற்றை விட்டுவைத்தார்கள். கிருமி புகுந்தால் முதலில் மடிந்து செய்தி சொல்ல வேண்டியவை அவை.

2008-இல் மற்றொரு விதி பிறந்தது: சில்லறைக் கடைகளில் எஞ்சும் கோழிகளை இரவு 8 மணிக்குள் அறுத்துவிட வேண்டும். வரும் கிராக்கியைக் காலையிலேயே கணித்துக் கொள்முதல் செய்ய வேண்டிய பாரம் அன்றுமுதல் கடைக்காரர்மேல் விழுந்தது. பொழுது சாய்ந்தபின் அக்கடைகளில் கழுவிக் கவிழ்த்த வெற்றுக் கூடுகளே எஞ்சின.