புலமைச் சொத்து உடன்படிக்கைகள்: இலங்கை

நூல், இசை, புதுப்புனைவு, வியாபாரக் குறி முதலியவற்றுக்கு ஒரு தேசத்தின் சட்டம் அளிக்கும் உரிமையை ஏனைய தேசங்களும் தத்தம் எல்லைக்குள் மதித்தற்பொருட்டு எழுந்தவை இவ்வுடன்படிக்கைகள். அவற்றுள் மூத்தவை, கைத்தொழிற் சொத்துப் பற்றிய 1883ஆம் ஆண்டுப் பாரிஸ் சமவாயமும், இலக்கிய, கலை ஆக்கங்கள் பற்றிய 1886ஆம் ஆண்டுப் பேர்ண் சமவாயமும் ஆம். இலங்கை முன்னதில் 1952இலும் பின்னதில் 1959இலும் சேர்ந்தது.

இவ்விரண்டும் சுபாவத்தில் வேறுபட்டவை. திருகோணமலை அன்புவழிபுரத்து ஆசிரியர் ஒருவர் இன்றிரவு ஒரு கதையை எழுதி முடிப்பாராயின், விண்ணப்பமோ கட்டணமோ முத்திரையோ இன்றி, பேர்ண் சமவாயத்தை ஏற்ற நாடுகள் அனைத்திலும் அக்கதை அக்கணமே அவருக்குரியதாகும். அவரே கரைவலை இழுக்க ஒரு புதிய பொறியை அமைப்பாராயினோ, அதற்கு ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பித்தல் வேண்டும். அவ்விண்ணப்பத் திகதியின் முன்னுரிமையைப் பிற நாடுகளிற் கோர அவருக்குள்ள அவகாசம் 12 மாதமே. விண்ணப்பிக்குமுன் பெருமிதத்தால் ஊரறியப் பிரசித்தம் செய்துவிட்டாலோ, பல நாடுகளில் அது புதுமை இழந்த பொருளாகிவிடும்.

இப்பேதத்துக்குச் சிறந்த திருஷ்டாந்தம் திருகோணமலைக் கடலோடு தொடர்புடைய ஒருவரே. 1956இல் கோணேசர் ஆலயம் நிற்கும் பாறையடியில் மூழ்கிப் பழங்கோயிற் சிதைவுகளைக் கண்ட எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், அதற்கு முன்னரே, 1945 ஒக்டோபரில், பூமியோடு ஒத்துச் சுழலும் துணைக்கோள்களால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என ஒரு சஞ்சிகையில் எழுதியிருந்தார். கட்டுரையின் வாசகத்தைப் பதிப்புரிமை காத்தது. கருத்தோ எவரும் எடுத்தாளும் பொதுப்பொருளாயிற்று. ஆக்கவுரிமை பெறாததால் பெருநிதியை இழந்ததாக அவர் வேடிக்கையாக எழுதியதுண்டு. பெற்றிருந்தாலும் பயன் யாது? அக்காலப் பிரித்தானியச் சட்டம் அளித்த ஆயுள் 16 ஆண்டே. அத்தகைய துணைக்கோள் விண்ணில் நிலைகொண்டதோ 1964இலேயே.

1995இல் உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஆக்கவுரிமைக்கு 20 ஆண்டுகளைக் குறைந்தபட்ச எல்லையாக்கியது. அதற்கிணங்க இயற்றப்பட்ட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பேர்ண் சமவாயம் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டுகளே வேண்டியிருக்க, பதிப்புரிமைக்கு 70 ஆண்டுகளை அளித்தது. கேளாது வழங்கிய இத்தாராளம் ஆசிரியரின் பேரப்பிள்ளைகளுக்கன்றி வாசகருக்கு உவப்பாகுமா என்பது ஐயமே.

தனிமனிதரையன்றி ஒரு நிலத்தைச் சாரும் உரிமையும் உண்டு. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இத்தீவுக்கு ஈர்த்த கறுவா, 2022 பெப்ரவரியில் ‘சிலோன் கறுவா’ என்னும் பெயரால் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியற் குறியீடாகப் பதிவு பெற்றது. பிற நாட்டில் விளைந்த பட்டையை அப்பெயரால் அங்கே விற்றல் ஆகாது.