ஓலின் நூலின் மூன்றாம் இயல்: சாமுவேல்சன் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

பெர்டில் ஓலினின் பெயரில் இன்று வகுப்பறைகளில் கற்பிக்கப்படும் வாணிபக் கோட்பாடு பெரும்பாலும் பால் சாமுவேல்சனின் ஆக்கம். 1948, 1949 ஆண்டுகளில் ‘எக்கனாமிக் ஜர்னல்’ இதழில் வந்த இரு கட்டுரைகளில் அவர் ஒரு சட்டகத்தை அமைத்தார்: இரு நாடுகள், இரு பண்டங்கள், இரு உற்பத்திக் காரணிகள், எங்கும் ஒரே தொழில்நுட்பம், போக்குவரத்துச் செலவு இல்லை. இரு நாடுகளும் இரு பண்டங்களையும் தொடர்ந்து உற்பத்தி செய்யும் வரை, தொழிலாளர் எல்லை தாண்டாமலேயே சரக்கு வாணிபம் கூலியையும் நிலவாரத்தையும் முழுமையாகச் சமனாக்கிவிடும் என்று நிறுவினார். ஓலினோ தம் 1933 நூலான ‘பிரதேசங்களுக்கிடையிலான வாணிபமும் பன்னாட்டு வாணிபமும்’ என்பதில், அப்படி ஒரு போக்கு உண்டு, முழுச் சமநிலை மட்டும் வராது என்றே எழுதியிருந்தார். சரியான தொடக்கத்தை வைத்துக்கொண்டு தர்க்கத்தை இறுதிவரை கொண்டு செல்லாதவர் என்ற பெயர் ஓலினுக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

இந்த வாசிப்பை ஏற்க இயலாது. சாமுவேல்சனின் கணிதத்தில் பிழையில்லை. அந்தக் கணிதம் விடையளிக்கும் கேள்வி ஓலினுடையதா என்பதே வழக்கு. முழுச் சமநிலை என்ற முடிவு 1919இலேயே சுவீடிய மொழியில் அச்சாகிவிட்டது. ஓலினின் ஆசிரியர் எலி ஹெக்சர், பன்னாட்டு வாணிபம் வருமானப் பகிர்வை எவ்வாறு பாதிக்கிறது என்று ‘எக்கனாமிஸ்க் டிட்ஸ்க்ரிஃப்ட்’ இதழில் எழுதியபோது, நாடுகளின் தொழில்நுட்பம் ஒன்றாக இருந்தால் காரணிகளின் ஒப்பீட்டு அருமை சமனாகும் வரை வாணிபம் விரிந்தே தீரும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். ஓலின் அக்கட்டுரையை அறிந்தவர். அதற்குத் தாம் பட்ட கடனையும் மறைக்காதவர். ஆசிரியரின் வலுவான முடிவு கண்முன் இருக்க, மாணவர் வேண்டுமென்றே அதைவிட மென்மையான முடிவை எழுதினார் என்றால், அதைத் தடுமாற்றம் என்று எப்படிக் கொள்வது? ஹெக்சரின் கட்டுரை ஆங்கிலத் தொகுப்பொன்றில் இடம்பெற்றது 1949இல். ஓலினின் 1924 ஆய்வேட்டோடு சேர்த்து முழுமையாக வந்தது 1991இல். இருவருக்கும் இடையிலிருந்த விலகல் ஆங்கில வாசகர் பலரின் கண்ணில் படாமல் போனதற்கு இந்தக் காலத் தாழ்வும் ஒரு காரணம்.

அந்த விலகலுக்கு நேரடிச் சான்று 1933 நூலின் மூன்றாம் இயல். பாடநூல்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. வாணிபத்துக்கான வேறொரு நிபந்தனை பற்றிய இயல் அது. இரு பிரதேசங்களில் காரணி வளங்கள் ஒரே விகிதத்தில் அமைந்திருந்தாலும் வாணிபம் எழும் என்கிறார் ஓலின். சில காரணிகளைச் சிறு கூறுகளாகப் பிரித்துப் பயன்படுத்த முடியாது. சில பண்டங்களைப் பேரளவில் செய்தால்தான் செலவு குறையும். ஆகவே ஒரு பிரதேசம் ஒன்றைச் செய்யும், மற்றது இன்னொன்றைச் செய்யும்; எது எங்கே அமையும் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். காரணி விகிதங்களால் மட்டும் உலக வாணிபத்தை விளக்க முயன்ற ஒருவர் இந்த இயலை எழுதியிருக்க மாட்டார். பேரளவு உற்பத்தியின் சிக்கனங்களை ஏற்றுக்கொண்ட கணத்திலேயே முழுச் சமநிலைக்குரிய நிபந்தனைகளை ஓலின் கைவிட்டுவிட்டார். இதனுடன் போக்குவரத்துச் செலவையும், உழைப்பின் தர வேறுபாடுகளையும், விலைக்கேற்பக் காரணிகளின் அளிப்பு மாறுவதையும் சேர்த்துப் பார்த்தால், ‘போக்கு’ என்று மட்டும் அவர் சொன்னது அளந்து சொன்ன சொல் என்பது விளங்கும்.

1971இல் சாமுவேல்சனே ‘ஓலின் சொன்னது சரி’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருந்தன்மையான செயல்தான். ஆயினும் ஒரு தொழிலுக்கே உரிய, வேறு தொழிலுக்கு மாறாத காரணிகளைக் கொண்ட மாதிரி ஒன்றின் வழியாகவே அவர் அந்த முடிவுக்கு வந்தார். விடை ஓலினுடையது, அதற்குச் சென்ற வழி சாமுவேல்சனுடையது. 1953இல் பொருளியலாளர் வாசிலி லியான்டீஃப், மூலதனம் மிகுந்த அமெரிக்காவின் ஏற்றுமதியில் உழைப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைக் காட்டியபோதும், சாமுவேல்சன் குறுக்கிய வடிவத்தின் மேல் விழுந்த அடியை ஓலினின் பெயரே தாங்கியது. பேரளவுச் சிக்கனங்களை வாணிபக் கோட்பாட்டின் மையத்துக்குக் கொண்டுவந்த பால் க்ரூக்மன், எல்லாம் ஓலினிடமே இருந்ததா என்ற கேள்வியை 1999இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக்க நேர்ந்தது இந்தப் பின்னணியில்தான்.

ஓலினின் சிந்தனை எப்போது ஹெக்சரிடமிருந்து பிரிந்தது என்பதற்குச் சான்று மெலிது. 1920இல் பெர்லினின் உன்டர் டென் லின்டன் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது மூலக் கருத்து தோன்றியதாக ஓலின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஹெக்சரின் கட்டுரை அதற்கு முன்பே அச்சேறிவிட்டதால், ஓலினின் கருத்து தனித்தே பிறந்தது என்று இதைக்கொண்டு வாதிட முடியாது. பல ஆண்டு கழித்துச் சொன்ன நினைவை ஆவணத்துக்கு நிகராக வைக்கவும் முடியாது. ஆனால் அந்த நினைவின் உள்ளடக்கம் கவனத்துக்குரியது. பொருளியலாளர் கஸ்டவ் காசெலின் விலைச் சமன்பாடுகளை ஒரு சந்தையிலிருந்து பல பிரதேசங்களுக்கு விரிப்பதே அவருக்குத் தோன்றிய கருத்து. வருமானப் பகிர்வு பற்றிய ஹெக்சரின் கேள்வி அதில் இல்லை. 1933 நூலின் முதல் பின்னிணைப்பில் உள்ள கணிதமும் காசெல் வழியில் அமைந்ததே. 1920ஐ ஐயத்துக்குரிய ஆண்டாகவே விட்டுவிட்டாலும், பிரதேசங்களுக்கிடையிலான பரிமாற்றம் பற்றிய 1922ஆம் ஆண்டு உரிமநிலை ஆய்வேடு இருக்கிறது. ஓலின் ஹெக்சரிடமிருந்து விலகிய காலத்தைத் தேடுவோர் தொடங்க வேண்டிய இடம் அந்த ஏடு.