சுற்றுவட்டச் சைக்கிளோட்டம்
கிரிட்டேரியம் என்பது போக்குவரத்து மறித்த குறுகிய தெருச்சுற்றைப் பலமுறை சுற்றிவரும் போட்டி. சர்வதேச விதிப்படி ஒரு சுற்று 800 மீற்றர் முதல் 10 கிலோமீற்றர் வரை. கால்பலமே வெற்றி தரும் என்பார்கள். வளைவுகள் அதை ஒப்புவதில்லை. முன்னால் போகிறவர் அதிகம் பிரேக் பிடிக்காமல் திரும்பிவிடுவார். கூட்டத்தின் வாலில் இருப்பவரோ ஏறக்குறைய நின்று, ஒவ்வொரு வளைவிலும் எழுந்து மிதிக்க வேண்டும். முன்னவரின் முதுகு காற்றை மறைத்து மிச்சமாக்கிய சக்தி அங்கேயே கரைகிறது. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் தோட்டப் பாதையில் பழகலாமே, அங்கே வளைவுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். ஆனால் ஏற்றத்தில் வேகம் குறைய, காற்றுமறைவின் பயனும் சுருங்கும். அங்கே ஆளைப் பிரிப்பது மூச்சு. இறக்கம் வேறு: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உட்பக்கப் பெடலை உயர்த்தி, வெளிக்காலில் பாரம் ஊன்றிச் சாய்வதை அது பழக்கும். முழங்கை உரச இன்னொருவர் திரும்பும்போதும் தன் கோடு மாறாதிருக்க, கூட்டத்தோடு ஓடித்தான் பழக வேண்டும்.