லெனாக்ஸ் விட்ட கையெழுத்து

டொராண்டோ குயின் தெருவுல பழைய சிட்டி ஹால் பக்கம் போனீங்கன்னா, கூரை விளிம்புக்குக் கீழே அண்ணாந்து பாருங்க. கட்டடக் கலைஞர் இ.ஜே. லெனாக்ஸ் தன் பேரை எழுத்தெழுத்தா கல்லுல செதுக்கி, 1898னு வருஷமும் போட்டிருக்கார். பேர்ப்பலகை வைக்க நகர சபை மறுத்திடுச்சாம், மனுஷன் விடலை! 1889ல் தொடங்கி 1899ல் திறந்த கட்டடம், செலவு 25 லட்சம் டாலருக்கு மேல. வாசல் தூண்கள்ல இளிக்கிற கோரமூஞ்சிகள் அந்தக் கால கவுன்சிலர்களாம். நடுவுல லெனாக்ஸ் மட்டும் முறுக்கு மீசையோட லட்சணமா இருக்கார் :-)

1965ல் பக்கத்துலயே புது சிட்டி ஹால் வந்தது. உடனே ஈட்டன் கடைக்காரங்க திட்டத்துக்காக, மணிக்கூண்டைத் தவிர ஏறக்குறைய எல்லாத்தையும் இடிக்கக் கிளம்பினாங்க. ஊர்க்காரங்க சண்டை போட்டுத் தடுத்தாங்க. இல்லேன்னா அந்தப் பேரும் ஜல்லியோட லாரி ஏறியிருக்கும்.