கரும்புள்ளியும் செம்புள்ளியும்

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய சிறு கண்காட்சி ஒன்றுக்காகக் கொடைக்கானலில் நண்பர் ஒருவர் கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். கிடை அச்சில் சூரியக் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை, நெடு அச்சில் சென்னையில் பெய்த மழை. 1813 முதல் 1876 வரை, வருஷத்துக்கு ஒன்றாக 64 புள்ளிகள். அரிசியை வாரி இறைத்த மாதிரி திரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. 1876ஐ மட்டும் சிவப்பாக்கணும் என்றார். ஒருமுறை தட்டினால் எல்லாப் புள்ளிகளும் பிடிபடும், அதன் மேலேயே இன்னொரு முறை தட்டினால் அந்த ஒன்று மட்டும் தனியே நிற்கும், நிறம் கொடுக்கலாம். கொடுத்தார். பிறகு ஏதோ யோசனையில், குறைந்த மழையிலிருந்து கூடிய மழைக்கு என்று அட்டவணையை வரிசை மாற்றினார். சிவப்பு நகர்ந்துபோயிற்று! நிறம் வருஷத்தோடு ஒட்டியிருக்கவில்லை, வரிசையின் கடைசி இடத்தோடு ஒட்டியிருந்தது. அந்த இடத்துக்கு இப்போது வந்துவிட்ட, 64 வருஷத்திலேயே அதிக மழை கண்ட வருஷம் பஞ்ச வருஷமாகச் சிவந்து நின்றது. "யார் செஞ்ச தப்புக்கோ யார் மேல செம்புள்ளி குத்துறோம் பாருங்க" என்று சிரித்தார்.

சிரிப்பதோடு விட்டுவிட முடியவில்லை. இதே மழைக் கணக்கை, இதே கரும்புள்ளிகளோடு வைத்துப் பார்த்த ஒருவர் 1877லேயே இருந்தார். இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் வில்சன் ஹண்டர். அவர் புள்ளிகளைச் சிதறவிடவில்லை. வருஷங்களைப் பதினொன்று பதினொன்றாக மடித்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் சராசரி எடுத்தார். சூரியனில் கரும்புள்ளி குறையும் வருஷங்களில் சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்ற முடிவு கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரும் சேர்ந்து லண்டன் மாத இதழ் ஒன்றில் கரும்புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்துக் கட்டுரை எழுதினார்கள். 1833 குண்டூர்ப் பஞ்சம், 1866 ஒரிசாப் பஞ்சம், இப்போது 1877: மூன்றும் கரும்புள்ளி வற்றிய காலத்தை ஒட்டி வந்தவை. பொய்யில்லை. ஆனால் வட இந்தியாவை உலுக்கிய 1837-38 ஆக்ரா பஞ்சம் கரும்புள்ளி உச்சத்தில் இருந்தபோது வந்தது. ஆராய்ச்சி தென்னிந்தியாவைப் பற்றியது என்று எல்லை போட்டுக்கொண்டால் அந்தப் புள்ளி படத்துக்கு வெளியே போய்விடும். இந்த மாதிரி வேலையில் ஹண்டர் தனி ஆளில்லை. பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ், வியாபார நெருக்கடிகளைச் சூரியனோடு பொருத்தப் பார்த்து, பொருந்தாதபோது 11.11 வருஷச் சுழற்சியை விட்டுவிட்டு 10.45 வருஷச் சுழற்சியைப் பிடித்துக்கொண்டார். அளந்ததை விட்டு அளவுகோலை மாற்றிக்கொள்வது!

கட்டுரை வெளிவந்த அந்த மாதங்களில் கீழே சமவெளியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைக்கிறவனுக்கு இது காணாது என்று சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது. தானிய ஏற்றுமதிக்குத் தடை போடப்படவில்லை. சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்பது லிட்டன் அரசின் வேதம். தானியம் வாங்கிச் சேர்க்க முயன்ற சென்னை கவர்னர் பக்கிங்ஹாமுக்குக் கல்கத்தாவிலிருந்து கண்டனம்தான் வந்தது. 1877 கடைசியில் மழை பெய்தது. சாவு நிற்கவில்லை, பட்டினியில் தேய்ந்த உடம்புகளைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. செத்தவர்களின் எண்ணிக்கை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர்களின் பரவலான கணிப்பு.

ஆக, நெடு அச்சில் மழையைப் போட்ட உடனேயே பாதி விவகாரம் முடிந்துவிடுகிறது. மழை இல்லாததுதான் பஞ்சம் என்று அச்சே சொல்லிவிடுகிறது. பிறகு எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் பூசினாலும் டெம்பிளின் ஒரு ராத்தல் அந்தப் படத்துக்குள் வரப்போவதில்லை. ஹண்டரின் நேர்மையைச் சந்தேகிக்க நான் வரவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் தயாராகலாம் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். சொல்லாடலின் அதிகாரம் என்று நாம் அடிக்கடி எழுதுகிறோமே, அது கெட்ட எண்ணம் எதுவும் தேவைப்படாமலே வேலை செய்யும்.

அந்த நம்பிக்கைக்குப் பழனி மலையில் ஒரு கட்டடமே கிடைத்தது. சூரியனைத் தினமும் பார்த்தால் பருவமழையை முன்னறியலாம் என்ற எதிர்பார்ப்பு, பஞ்சத்துக்குப் பின் நடந்த நீண்ட யோசனைகளில் ஒரு பங்கு வகித்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைச் சேர்ந்த மிச்சி ஸ்மித் மலைகளைச் சுற்றிப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895இல் அடிக்கல், 1899இல் ஆய்வகம் இந்திய அரசின் கீழ். அடுத்த சில ஆண்டுகளில் சூரியனைப் படம்பிடிக்கும் வேலை ஆரம்பித்தது. 1909 ஜனவரியில் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் கண்டது இங்கேதான். உலகம் அதை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலான கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை.

வேடிக்கை என்னவென்றால், கரும்புள்ளிக் கொள்கையைக் கணக்குப் போட்டுத் தளர்த்தியவரும் இந்த ஆய்வகம் எந்தத் துறையின் கீழ் இருந்ததோ அந்தத் துறையின் தலைவர்தான். 1904 முதல் 1924 வரை பதவியில் இருந்த கில்பர்ட் வாக்கர், கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைக் கெழுக்களாக அளந்தார். இந்திய மழையை முன்சொல்ல அதை நம்ப முடியாது என்று தெரிந்தது. அவர் தேடல் பசிபிக் கடல் பக்கம் திரும்பி, தென் அலைவு என்று பின்னால் அறியப்பட்ட விஷயத்தில் போய் முடிந்தது. 1876-78 வறட்சிக்குப் பின்னால் பலத்த எல் நினோ இருந்தது என்று இன்று சொல்கிறோம். சரியாகவே சொல்கிறோம். ஆனால் கரும்புள்ளிக்குப் பதில் எல் நினோ என்று கிடை அச்சை மட்டும் மாற்றிவிட்டு, நெடு அச்சை அப்படியே வைத்திருந்தால்?

நம்ம ஜனங்களிடமும் ஒரு சுழற்சி இருந்தது. அறுபது வருஷத்தில் பத்தாவது, தாது. அது 1936லும் 1996லும் திரும்பி வந்தது. 1996 இன்னும் விசேஷம்: சூரியனிலும் கரும்புள்ளி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஜோசியமும் ஹண்டரும் கைகோத்து நின்ற அந்த வருஷம் ஜூனில் சென்னை மழையில் மிதந்தது. தெருமுனையில் ரேஷன் கடை இருந்தது. 1877இன் பிணக் குவியல் எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் கேட்டு, ஒற்றைப் புள்ளியைக் காட்டுவதே மோசடி என்று யாராவது முடிவுகட்டினால் அதே மலையில் இன்னொரு கதை இருக்கிறது. 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்ந்து வந்த வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போய், பாதரசக் கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் அம்பலமானதை அடுத்து 2001இல் மூடப்பட்டது. கொடைக்கானல் ஏரியில் பாதரசம் என்று மட்டும் சொன்னால், மலையில் இயற்கையாக இருந்திருக்கும் என்று யாரும் சொல்லிட்டுப் போயிடலாம். 2006இல் வெளியான ஆய்வு கொடைக்கானல் ஏரிச் சேற்றோடு பேரிஜம், கூக்கால் ஏரிச் சேற்றையும் அளந்தது. கொடைக்கானலில் அதிகம், பேரிஜத்தில் அதற்குக் குறைவு, கூக்காலில் இன்னும் குறைவு. மற்ற இரண்டும் பக்கத்தில் நின்றதால்தான் அந்தச் சிவப்புக்குப் பலம். தொழிலாளர்களோடு ஒப்பந்தம் ஏற்பட 2016 வரை ஆனது வேறு விஷயம்.

நண்பர் தன் வரைபடத்தைத் திருத்திவிட்டார். 1876க்கு மட்டும் தனிப் பத்தி போட்டு, தனி வரிசையாகச் சேர்த்தார். இனி எப்படி அடுக்கினாலும் நிறம் நகராது. பிறகு மழை இருந்த நெடு அச்சை அழித்தார். புதுப் பத்தியின் தலைப்பில் 'துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தானியம்' என்று தட்டினார். கீழே 64 கட்டங்களும் காலி. 1877, 1878க்காக இன்னும் இரண்டு கட்டம் சேர்த்துக்கொண்டு, அடுத்த வாரம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதாகச் சொன்னார்.